வலப்புறம் விலகும் அம்பு

ஆகஸ்ட் 11
இன்றும் வலப்புறம். பயிற்சி முனையுடன் எய்தால் நாற்பது கெஜத்திலுள்ள காகிதத் தட்டின் நடுவில் தைக்கும் அம்பு, வேட்டைக்கான கத்திமுனையைத் திருகியதும் தட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளிப் போய் நிற்கிறது. குறை என் கையில் என்றால் இரண்டுமல்லவா விலக வேண்டும்?

என் மனைவி மார்லிஸின் தம்பி டெல்மர் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தான். “அத்தான், எல்க் மானைக் கொஞ்சம் வலது பக்கமா நகர்ந்து நிக்கச் சொல்லி ஒரு மனு போட்டுடுங்களேன். உங்க சர்வே ஆபீஸ்ல முத்திரை இருக்குமே?”

பிறகு உபதேசம். லேசான அம்பு வாங்க வேண்டுமாம். பறக்கையில் மூடியிருந்து, பட்டதும் விரியும் முனை வாங்க வேண்டுமாம். “வில்லுக் கடைக்காரனே சொல்றான், அவன் என்ன முட்டாளா?”

கடைக்காரர் முட்டாள் அல்லர். ஆனால் எழுநூறு பவுண்டு எல்க் கொம்பனின் விலாவைத் துளைக்க வேண்டியது அவருடைய அம்பு அல்ல. கனமான அம்பு, விரியாத முனை. மாற்றமாட்டேன்.

ஆகஸ்ட் 14
எங்கள் வேட்டை முகாமுக்கு ஒரு விதி உண்டு: காலையில், காபிக்கு முன், வேட்டை முனையுடன் ஆளுக்கு ஒரே ஓர் அம்பு. தட்டைத் தவறவிட்டவரின் வில் அன்று பெட்டிக்குள். அவருக்குச் சமையலும் விறகும். அதை வகுத்தவன் நான். பல ஆண்டுகள் விண்ணப்பித்து இம்முறைதான் எல்க் மலையில் வேட்டையாட அனுமதி குலுக்கலில் விழுந்திருக்கிறது. இப்படியே போனால் மலையில் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 17
அம்பின் வால் இறகுகள் வில்லிலுள்ள அம்புதாங்கியில் உரசுகின்றனவா என்று பார்க்க, அவற்றின் விளிம்பில் மார்லிஸின் உதட்டுச் சாயத்தைப் பூசி எய்தேன். தாங்கியில் ஒரு பொட்டுச் சிவப்புகூட ஒட்டவில்லை. உரசல் இல்லை.

“ஓரின், அது நம்ம கல்யாண நாளுக்குன்னு வாங்கினது. என் உதட்டை ஒரு நாளாவது இவ்ளோ கவனமா பாத்திருக்கியா நீ?”

மூடியைப் பொருத்தி அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19
இறகு நீக்கிய அம்பைக் காகிதத் திரை வழியே எய்தேன். முனை துளைத்த இடத்துக்கு இடப்புறமாக வால் கிழித்திருக்கிறது. அம்பு நேராகப் போகவில்லை. பக்கவாட்டில் நழுவிப் போகிறது. தாங்கியை இம்மியளவு நகர்த்தினேன். பயனில்லை. டெல்மர் தொலைபேசியில் கேட்டான்: “இன்னும் வலதுதானா?” வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22
கண்டுகொண்டேன். குளிர்காலத்தில் நூறு கிரெயின் எடையுள்ள முனையை நீக்கி நூற்றைம்பது கிரெயினுக்கு மாறினேன், தண்டை மாற்றவில்லை. முன்னால் கனம் கூடினால் நாண் தள்ளும்போது தண்டு அதிகமாக வளையும். பழைய முனைக்கு ஏற்ற விறைப்பு புதியதற்குப் போதாது. பயிற்சி முனை என்றால் வால் இறகுகள் அந்த வளைவைத் திருத்திவிடும்; கத்திமுனையின் அலகிலோ காற்று பிடித்து அம்பை விலக்கிவிடும். நில அளவையில் அடிக்குறிப்பு வரை படிப்பவன் இதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்!

“அவ்ளோதானே? பழைய முனையையே போடுங்க அத்தான்.”

மாட்டேன். தவறு செய்தது முனை அல்லவே. விறைப்பான தண்டுகளுக்குச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 2
தண்டுகள் வந்தன. காகிதத்தில் ஒரே ஒரு வட்டத் துளை. சட்டமிட்டு மாட்டலாம்.

செப்டம்பர் 7
மலை. மார்லிஸும் டெல்மரும் உடன். உறைபனி. முதல் அம்பு தட்டின் விளிம்பை விட்டு இரண்டு விரல் விலகியது.

டெல்மர்: “காத்து அத்தான். நாங்க ஒண்ணும் பாக்கல. வில்லை எடுங்க, கிளம்பலாம்.”

காற்றா? அடுப்புப் புகை கம்பம்போல் நேராக நின்றது. வில்லைப் பெட்டியில் வைத்தேன்.

“விதியை எழுதினதே நீங்கதானே, ஒரு நாள் விட்டா என்ன?”

எழுதினவனுக்கே இல்லையென்றால் அது யாருக்கு?

“உங்க முதுகெலும்பும் அந்தப் புதுத் தண்டும் ஒரே ஜாதி. வளையாது.”

அவர்கள் போனார்கள். விறகு வெட்டினேன்.

செப்டம்பர் 8
மறுபடியும் தவறியது. பீன்ஸ் தீய்ந்தது. எவரும் கேலி செய்யவில்லை — அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 9
மூன்றாவது முறையும் தவறியது. மார்லிஸ் ஒன்றும் பேசாமல் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்: அதே உதட்டுச் சாயம், அடிக்கட்டை மட்டும் மிச்சம். வில்லைப் பெட்டியில் வைக்குமுன், அதை நாணில் பூசிச் சோதனைக்காக ஓர் அம்பு எய்தேன். என் தடித்த கோட்டின் இடக்கையில் சிவப்புக் கோடு! ஆகஸ்ட் வெயிலில் அரைக்கைச் சட்டையுடன் பழகிவிட்டு, பனியில் கோட்டுடன் எய்திருக்கிறேன். நாண் ஒவ்வொரு முறையும் கோட்டுக் கையை உரசியிருக்கிறது. ஆனால் இன்றைய அம்பு போனது போனதுதான். இன்றும் சமையல் என்னுடையதே. கோட்டுக் கையைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

செப்டம்பர் 10
தட்டின் நடு. காபி குடித்தேன்.

செப்டம்பர் 12
டெல்மர் எனக்குப் பின்னாலிருந்து எல்க் கத்துவதுபோல் குழலூதி அழைக்க, கொம்பன் ஆஸ்பென் மரங்களுக்கிடையே பக்கவாட்டில் வந்து நின்றது. முப்பது கெஜத்துக்குச் சற்றே கூடுதல். அம்பு அதன் விலாவில் புகுந்து மறுபுறம் வெளியேறி மண்ணில் நட்டுக்கொண்டது. அது கொஞ்ச தூரம் நடந்து, படுத்துவிட்டது. நெடுநேரம் ஓடவிடாததற்கு நன்றி சொல்லிக்கொண்டேன் — யாருக்கென்று தெரியவில்லை.

இறைச்சியைச் சுமந்து இறக்கியபின் டெல்மர் அந்த அம்பை வால் முதல் முனை வரை விரலில் உருட்டிப் பார்த்தபடி இருந்தான்.

“இதுல ரெண்டு குடுங்க அத்தான். நாளைக்கு நான் தட்டுல போட்டுப் பாக்கறேன்.”

“உன் வில்லுக்கு இது பொருந்தாது. விரித்த கைகளின் அகலத்தை அளந்து, அதற்கேற்பத் தண்டின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.”

ஒரு நையாண்டி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. லாரியின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து இரு கைகளையும் அகல விரித்து நின்றான்.

அளவுநாடாவை எடுத்தேன்.