மஞ்சள் தண்ணீர் பட்ட மூட்டை

என் பிரியமான பேச்சி மதினிக்கு,

இந்த ஆடிக்கும் கோயிலுக்கு நடக்கிறவர்கள் தங்க மிளகாய்க் கிட்டங்கியைத் திறந்துவிட்டோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதையும் நீங்கள் காது கொடுத்துக் கேட்கமாட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் ஆடி. "அவ இல்லாம என்னத்த நடத்த" என்று அண்ணன் ஆனி மாதம் முழுக்க முனகிக்கொண்டிருந்தார். உங்களைக் கட்டிய நாளிலிருந்து உங்கள் பின்னாலேயே சுற்றிய மனுஷன். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? கடைசியில் விருதுநகரிலிருந்து கிட்டங்கியின் சொந்தக்காரர் மிளகாய்க்கடை பாயே வந்தார். வழக்கம்போலச் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சாவியை அண்ணன் கையில் வைத்தார். "கோயிலுக்கு நடந்து வர்ற சனம், பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சுன்னா எனக்கு அப்புறம் யாவாரம் பாக்க மனசு வராதுங்க" என்றார். அண்ணன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

தரையை உங்கள் முறைப்படிதான் கழுவினோம். முதலில் தண்ணீர், பிறகு சாணித் தண்ணீர், பிறகு மறுபடியும் நல்ல தண்ணீர். கொப்புளம் உடைந்த காலோடு வருகிறவர்கள் மிளகாய்த் தூள் படிந்த தரையை மிதித்தால் எப்படிக் குதிப்பார்கள் என்று நீங்கள் நடித்துக் காட்டுவீர்களே, அதை நினைத்துக்கொண்டே தேய்த்தேன். அப்படியும் உள்ளே வந்தவர்களில் பாதிப்பேர் தும்மினார்கள். இப்போது நடந்து வருகிறவர்களிடமும் செல்போன் இருக்கிறது மதினி. குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கு முன்னால், "அக்கா, சார்ஜ் போட எங்கன இடம் இருக்கு?" என்று கேட்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் செல்போனுக்கும் ஒரு வாய் மோர் ஊற்றியிருப்பீர்கள்.

கடைசி வெள்ளிக்கு முந்தின நாள், வாசலில் உங்கள் இடத்தில் நான் நின்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மற்ற இடங்களில் மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் தெளித்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் சொம்போடு ஊற்றுவீர்கள். காலுக்கு ஒரு சொம்பு, தலையில் இருக்கும் மூட்டைக்கு ஒரு சொம்பு. "சுமந்துக்கிட்டு வந்ததும் குளுரட்டும்" என்பீர்கள். நானும் அப்படியே ஊற்றினேன். உங்கள் கை தாராளம் என் கைக்கும் வர வேண்டும் என்று ஒரு சொம்புக்கு இரண்டு சொம்பாகவே ஊற்றினேன்.

உங்கள் சட்டத்தையும் மீறவில்லை. "பேரு கேளு, ஊரு கேளு, பசிக்குதான்னு கேளு. மூட்டைக்குள்ள என்னன்னு மட்டும் கேக்காத." நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை வரம் கேட்டு நீங்கள் முதல்முறை இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்கு நடந்தபோது, வழியில் எங்கோ ஒருத்தி உங்கள் மூட்டையை வாங்கிப் பிரித்து, உள்ளே இருந்த சின்ன மரத்தொட்டிலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள் அல்லவா? "ஐயோ பாவம்" என்று அவள் சொன்னதை நீங்கள் கடைசிவரை மறக்கவில்லை. நம் வாசலில் அப்படி யாருக்கும் நடக்கக்கூடாது என்றுதான் அந்தச் சட்டம். அது நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தினால் அன்றைக்கு என்ன ஆக இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. அன்றைக்குக் காலையில் அண்ணன் உங்கள் மஞ்சள் மூட்டையை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். நீங்கள் ஆசுபத்திரிக்குப் போவதற்கு முன்னால், கோயிலுக்கு அடுத்த முறை நடப்பதற்கென்று கட்டி வைத்த அதே மூட்டை. உள்மூலையில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. பிறகு வந்தவர்களின் மூட்டைகளையெல்லாம் அதன்மேலும் பக்கத்திலும் அடுக்கினோம்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கிட்டங்கி நிறைந்துவிட்டது. வெளியே வாசலுக்கு நேராகப் பெரிய அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆடிக்காற்று அடுப்புத் தீயை இழுத்து இழுத்து அடித்தது. நான் அண்டாவைக் கழுவிக்கொண்டிருக்கையில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அச்சங்குளத்திலிருந்து வந்த காளீஸ்வரி. வாசலில் பெயரும் ஊரும் கேட்டிருந்தேனே. அவள் விரல் இடுக்கிலெல்லாம் வெள்ளிப் பவுடர் கழுவியும் போகாமல் இருந்தது. பட்டாசு சீசன். பட்டாசுக் கம்பெனியிலிருந்து அப்படியே நடக்கக் கிளம்பியிருந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்கிராதீக" என்றாள். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "என் மூட்டையில மருந்து இருக்கு."

"என்ன மருந்து?"

"வேட்டு மருந்துக்கா. கோயில்ல எந்தம்பி குழாயில அடைச்சு வெடிக்கணும்னு நேர்ந்துருக்கேன். பாலித்தீன் கவர்லதான் சுத்தி வச்சிருந்தேன். இப்ப படுத்திருக்கையிலதான் ஞாபகம் வருது, வழியில மூட்டையிலருந்து மாத்துச் சேலைய உருவும்போது கவரு கிழிஞ்சுபோச்சு. நீங்க தண்ணி ஊத்துனீகள்ல…"

மதினி, கல்யாணத்துக்கு முன்னால் நான் திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெள்ளிப் பவுடர், அதான் அந்த அலுமினியத் தூள், கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறிக்கொண்டு வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்குத்தான் சொல்ல வேண்டும்? என் கையிலிருந்த அண்டா எப்போது கீழே போனதென்று தெரியவில்லை.

"வாசல்லயே சொல்லக் கூடாதாடி?"

"சாமி தண்ணின்னு ஊத்துறீக. வேண்டாம்னு எப்படிக்கா சொல்றது?"

அவளைத் திட்ட முடியவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். எனக்குக் கோபமெல்லாம் உங்கள் மேல்தான் வந்தது. ஏன் ஊற்றச் சொன்னீர்கள்? ஏன் கேட்காதே என்றீர்கள்? இத்தனை வருஷம் உங்கள் கையால் எத்தனை மூட்டை நனைந்திருக்கும். அதில் எதிலும் மருந்து இருந்ததில்லையா, அல்லது இருந்தும் நமக்குத் தெரியாமலே போய்விட்டதா?

கத்த முடியாது. கத்தினால் அத்தனை பேரும் ஒரே கதவில் விழுவார்கள். அண்ணனிடம் ஓடி, அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

"சோறு பாதிதான் வெந்துருக்கு. உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அண்ணே, மருந்து" என்றேன். அவ்வளவுதான். மனுஷன் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடங்களை ஒன்று விடாமல் அடுப்பில் கவிழ்த்தார்.

உள்ளே போய், வரவழைத்த சிரிப்போடு, "இலை போட்டாச்சு, எல்லாரும் வேப்பமரத்துப் பக்கம் வாங்க" என்றேன். போடாத இலைக்கு ஆள் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "இப்பத்தானத்தா கண்ணு அசந்துச்சு" என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். "நீங்க வரலைன்னா அப்பளம் தீந்துபோகும்" என்றேன். எழுந்துவிட்டாள். ஒவ்வொருவரும் சேலையை உதறிக் கட்டி, தலையை அள்ளி முடிந்து, செருப்பைத் தேடி, அப்படி நிதானமாக எழுந்திருக்கிறார்கள்.

மூட்டைக் குவியலுக்குப் பக்கத்திலேயே, தூணுக்கும் சன்னலுக்குமாகச் சேலையில் தூளி கட்டி ஒருத்தி பிள்ளையைத் தூங்க வைத்திருந்தாள். "பிள்ள முழிச்சதும் வாரேங்க" என்றாள். நான் பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்து அவள் தோளில் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்து வெளியே போனாள்.

பிறகு நானும் காளீஸ்வரியும் மட்டும்.

எல்லாம் மஞ்சள் துணி. எல்லாம் ஈரம். சிவகாசியில் ஒரே கடையில் வாங்கின மாதிரி எல்லாம் ஒரே அளவு. முடிச்சைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்றவளுக்கு, ஈரத்தில் இறுகிப்போன எந்த முடிச்சும் அடையாளம் தெரியவில்லை. புறங்கையை வைத்துப் பார்க்கலாம் என்றேன், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. ஒன்றொன்றாகத் தொட்டுத் தொட்டு, மெல்ல எடுத்து, உரசாமல் தள்ளி வைத்தோம். குளிர்ச்சியாக இருந்தது. அடுத்ததும் குளிர்ச்சி. குவியல் குறையக் குறைய எனக்குப் பயம் கூடியது.

அடியில் உங்கள் மூட்டை கைக்கு வந்தது. முடிச்சை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகுவது நீங்கள் மட்டும்தான். அதன்மேல் புறங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. அந்த அவசரத்திலும் கையை எடுக்க மனசு வரவில்லை மதினி. காளீஸ்வரிதான், "அக்கா, இந்தா, இது" என்றாள்.

உங்கள் மூட்டையை ஒட்டினாற்போல் இருந்தது அது. வெதுவெதுப்பு இல்லை, நல்ல சூடு. ஈரத்துணியிலிருந்து லேசாக ஆவி போலவும் வந்தது.

"நான் தூக்குறேன்கா. என் மூட்டை" என்றாள்.

"போடி, உனக்குப் பிள்ளகுட்டி இருக்கும்."

"உங்களுக்கும்தான இருக்கும்."

வாதாட நேரமில்லை. அடுப்புக்கென்று மணல் வைத்திருந்த இரும்புச் சாந்துச்சட்டியில் மூட்டையை வைத்து, ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டோம். ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. நனைந்த அடுப்பைத் தாண்டி, கிட்டங்கிக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த கரிசல் காட்டைத் தாண்டி ஓடைப்பள்ளம் வரை, இரண்டு பேரும் கால் இடறாமல் அடிமேல் அடி வைத்துப் போனோம். எனக்கு ஆத்தா பெயர் வாயில் வரவில்லை. உங்கள் பெயர்தான் வந்தது. திட்டிக்கொண்டேதான் கூப்பிட்டேன்.

சட்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, மேடேறிக் குப்புற விழுந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு என்று நான் தலையைத் தூக்கப் பார்த்தபோது, கண் கூசுகிற வெள்ளை வெளிச்சம். அடுத்து தரை அதிர்ந்தது. மேலே மண் வந்து விழுந்தது. காது திறந்தபோது காளீஸ்வரி அழுதுகொண்டிருந்தாள்.

பயத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. போன வருஷம் அவள் புருஷனுக்குக் கம்பெனியில் தீப்பட்டு இரண்டு கண்ணும் போய்விடும் என்றார்களாம். ஒரு கண் தப்பியது. அதற்காக நேர்ந்த வேட்டு. "ஆத்தா வாசல்ல வெடிக்கிறேன்னு சொன்னேன்கா. இப்ப வெறுங்கையோட போயி என்னன்னு நிப்பேன்?" என்றாள்.

"ஆத்தாளுக்குக் காது கேக்காதாக்கும்? இந்தா இருக்கு இருக்கன்குடி. இம்புட்டுச் சத்தம் அங்கன கேக்காமலா இருந்திருக்கும்?" என்றேன். எனக்கு இப்படியெல்லாம் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம், "கேட்டிருக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

திரும்பி வந்தால் வேப்பமரத்தடியில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். பிள்ளைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. "யாரு மூட்டை அது? யாருன்னு தெரிஞ்சாகணும். போலீசுல சொல்லணும்" என்று நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எத்தனை உயிர். காளீஸ்வரி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் தோளில் பட்டது.

"நம்ம கிட்டங்கி மூட்டை" என்றேன். "தண்ணி ஊத்துனது நான். கேக்கணும்னா என்னையக் கேளுங்க."

பெரியவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஈரக் கரியைக் கிளறிக்கொண்டே, "அதான் சொல்லிட்டால்ல. உக்காருங்க, சோறு ஆகட்டும்" என்றார். சோறு குழைந்துபோய்க் கஞ்சியாகத்தான் ஆனது. அப்பளம் தீர்ந்துவிடும் என்று நான் எழுப்பின கிழவி மட்டும் அப்பளம் எங்கே என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அண்ணன், "அடுத்த ஆடிக்கு வேண்டாம்த்தா. சாவியப் பாய்கிட்டயே குடுத்துருவோம்" என்றார். நானும் பயந்துதான் போயிருந்தேன். இன்றைக்கும் புறங்கையில் ஏதாவது சூடாகப் பட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. மூடிவிடுவதுதான் சரியோ என்று பல நாள் யோசித்தேன். மூடிவிட்டால் காளீஸ்வரி மாதிரி ஒருத்தி அந்த மூட்டையோடு எங்கே போய்ப் படுப்பாள்? யாரிடம் வந்து சொல்லுவாள்?

அதனால் மூடப்போவதில்லை மதினி. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, "மணல் எம்புட்டு வேணும்?" என்று கேட்டார். இனிமேல் தண்ணீர் காலுக்கு மட்டும்தான். நீங்கள் வருத்தப்பட்டாலும் சரி. அடுப்பு கிட்டங்கியின் பின்பக்கம் போகிறது. வாசலுக்கு வெகு தள்ளி, காற்றுக்கு மறைவாக, மணல் கொட்டி ஓலையில் ஒரு பந்தல் போடுவோம். மருந்து இருக்கிறவர்கள் அங்கே வைத்துவிட்டு வரட்டும் என்று வாசலில் பொதுவாகச் சொல்லுவேன். முகத்தைப் பார்த்து யாரிடமும் கேட்கமாட்டேன்.

ஆனால் சொன்னால் மட்டும் யார் வைப்பார்கள்? முதலில் வைக்கிறவளை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் இல்லையா? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். உங்கள் மூட்டையை அண்ணன் இன்னும் பிரிக்கவில்லை. நானும் பிரிக்கமாட்டேன். உள்ளே என்ன என்று கேட்கவும் மாட்டேன். அடுத்த ஆடியில் ஆட்கள் வருவதற்கு முன்னால், அந்த மணலில் முதல் மூட்டையாக அதைத்தான் வைப்பேன். கூச்சத்தோடு வருகிறவள் தன்னுடையதை உங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வரட்டும். கடைசி ஆளும் நடந்து போன பிறகு, உங்கள் மூட்டையை என் தலையில் வைத்துக்கொண்டு, ஆத்தா வாசல் வரை நான் நடப்பேன். இது சத்தியம்.

உங்களைத் திட்டிக்கொண்டே நடக்கும்,
உங்கள் நாத்தனா, உங்களுக்குத் தங்கச்சியாகவே வளர்ந்தவள்,
சரசு