நான்கு கொளுத்துப் போட்ட பெட்டி

என் பகவதி,

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது. நீ இருந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லி இதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டிருப்பாய். இப்போது எனக்கே நினைவு வந்து எழுந்து போவதற்குள் சாரல் கட்டில்வரை வந்துவிடுகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுப்புத்தான். தூங்கி எழுந்த பிறகும் போகாத அலுப்பு.

மதினியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் விலங்கியல் படித்த பெண் பொன்முடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஜாம் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்த டரான்டுலா சிலந்திக்கு நீ வைத்த பெயர். "உங்க மதினி மாதிரியே இருக்கு. மூலையில மொகத்தத் தூக்கிட்டு இருப்பா, வச்சதத் திங்கமாட்டா" என்றாய். என் அண்ணி நல்லவேளையாக அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள்.

அன்று நான் நாற்காலிமேல் ஏறி நின்றது உனக்கு மறந்திருக்காது. மறுநாளே சாலைக் கடைத்தெருவில் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தேன். வரைபடம் போட்டே ஓய்வுபெற்ற கை, அளவு தப்பவில்லை. அடியில் பிளைவுட், மேலே வலை அடித்த மூடி, பூச்சி போட ஒரு துளை, துளைக்கு ஒரு தக்கை. மூடியின் நான்கு பக்கமும் கொக்கி மாதிரி மாட்டுகிற இரும்புக் கொளுத்து. பார்த்தவர்கள் எல்லோரும் ஆசையாகச் செய்த பெட்டி என்றார்கள். பயத்தில் செய்த பெட்டி என்று உனக்கு மட்டும் தெரியும்.

"என்னத்துக்கு இத்தன கொளுத்து? ஓடிப்போய்க் கல்யாணமா செய்யப் போகுது?" என்று கேட்டாய். ஒரு பாதியைச் சுத்தம் செய்யும்போது மதினியை மறுபாதியில் நிறுத்த, நடுவில் இறக்கும் தடுப்பு ஒன்று தேவைப்பட்டது. கண்ணாடி கனமாக இருந்தது. உன் பழைய எக்ஸ்ரேயை நீயே எடுத்து நீட்டினாய். "என் நெஞ்செலும்புமேல அவ நடந்தா நடக்கட்டும்" என்றாய். வெட்டி, இரண்டு ஓரமும் தேய்த்துப் பொருத்தினேன்.

வளர்ப்பதில் எறும்பு மட்டும் என் பங்கு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வழிகள் விட்டு நான் வார்த்த கூடு இன்னும் அப்படியே இருக்கிறது. அது இருக்கும் மேசையின் கால்களை, அடுக்களை அலமாரிக்கு வைப்பது போலத் தண்ணீர்க் கிண்ணங்களில்தான் நிறுத்தியிருக்கிறேன். அடுக்களையில் எறும்பு வராமலிருக்க, இங்கே போகாமலிருக்க.

நீ போன பிறகு மதினியின் மூடியை நான் திறக்கவே இல்லை. தக்கையை எடுத்துக் கரப்பானைப் போடுவேன், மூடுவேன். நம் மகள் செல்வி பெங்களூரிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. "அப்பா, ஒரு செலந்திக்காக அங்க தனியாக் கெடக்கணுமா? பொன்முடியில கொண்டு விட்டிருங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." அவள் சொல்வதில் தப்பில்லை. இந்த வீட்டில் நான் இருக்க இப்போது வேறு என்ன காரணம் இருக்கிறது?

ஈரத்தில் மதினி பெட்டியின் பிளைவுட் உப்பி மூலை விட்டிருந்தது. புதுப் பெட்டிக்குக் கண்ணாடி ஒட்டி, மூடி போடாமல் எறும்பு மேசைமேல் காய வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மதினி மல்லாந்து கிடக்கிறாள், கால்கள் விரிந்து. சுவரிலிருந்து ஒரு எறும்புச் சாரி அந்த மூலை வழியாக உள்ளே போகிறது. நம் எறும்புகள் இல்லை, மழைக்கு ஒதுங்கி வந்தவை.

செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சரி, முடிந்தது, இனிக் கிளம்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அது துக்கமா, ஆசுவாசமா? உன்னைத்தான் கேட்கிறேன்.

பிறகு நீ சொன்னது நினைவு வந்தது. மல்லாந்து கிடந்தால் சட்டை கழற்றுகிறாள் என்று அர்த்தம், தொடக்கூடாது என்பாய். சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்ற சந்தேகத்தோடு குனிந்து பார்த்தபோது ஒரு கால் மெல்ல மடங்கியது.

மூடியைத் திறக்க வேண்டுமே. முதல் கொளுத்து வந்தது. மற்ற மூன்றும் துருவேறி இறுகியிருந்தன. திருப்புளியைத் தேடி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, நெம்பி... அதற்குள் எறும்புகள் அவள் காலில் ஏறிவிட்டன. என் பயத்துக்காக நான் செய்த பெட்டி அன்று எறும்புக்குத் தடையாக இல்லை பகவதி, எனக்குத்தான் தடையாக இருந்தது.

மூடி திறந்ததும் தடுப்பை உருவி, அவள் பின்னிப் படுத்திருந்த வலையின் கீழே மெதுவாகச் செலுத்தித் தூக்கினேன். உன் விலா எலும்புகளின்மேல் அவளை ஏந்திக்கொண்டு கூடத்தைக் கடந்தேன். வெறும் கை, பெட்டி இல்லை, கொளுத்து இல்லை. புதுப் பெட்டிக்குள் அப்படியே இறக்கிவைத்து, ஒட்டியிருந்த எறும்புகளை உன் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். சுற்றிலும் தண்ணீர்க் கிண்ணம் இருந்ததால் வேறு வரவில்லை.

மத்தியானம் புரண்டு எழுந்தாள். பக்கத்தில் பழைய சட்டை, இன்னொரு சிலந்தி போலவே. பற்கள் வெள்ளையாக இருந்தன. ஒரு கால் கோணல். என்னால் ஆன கோணலா, எறும்பால் ஆனதா, தெரியவில்லை.

சாயங்காலம் செல்வி கூப்பிட்டாள்.

"இப்ப வரல மக்ளே" என்றேன். "அவ சட்ட கழட்டியிருக்கா. ஒடம்பு எறுகணும்."

"யாருப்பா?"

"ஒனக்குப் பெரியம்ம."

உன்னைப் போலவே சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் அழுதாள் என்று நினைக்கிறேன். மழையில் லைன் சரியில்லை.

நேற்று சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புது மூடிக்குக் கொளுத்து கேட்டேன். "சாரே, எப்பவும் நாலுல்லா வாங்குவிய?" என்றார் கடைக்காரர். ஒன்று போதும் என்றேன். பித்தளையில், ஒரு விரலால் திறக்கிற மாதிரி.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது. இதை எழுதும்போதும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் இனித் தக்கை வழியாகப் போட்டுவிட்டு ஓடமாட்டேன். அவள் இருக்கும்வரை, நான் இருக்கும்வரை, மூடியை நானே திறப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
மதினியின் கொழுந்தன்.