புஷ்பத்தின் மாவிளக்கு

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நீயும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? போனில் பேசினால் குரல் உடைந்துவிடும் என்றுதான், என்னோடு கடையில் வேலை செய்யும் வாசு ஊருக்கு வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டிக்கொள்.

நேற்று கடை இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பக்கத்து ஊரான கிள்ளானுக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்தேன். குளித்து, சவரம் செய்து, தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு போவதுதானே நம் வழக்கம்? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, 'லா' போடும் இந்த நாட்டுத் தமிழில் கேட்டார்.

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல் லா. ஆளும் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க. என்னண்ணே கவலை?"

எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டது வாசு என்று நான் சொல்லவில்லை.

காலையில் விரல்கள் மடங்குவதில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். வாயில் புண், கழுத்தில் தடிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை கிடைக்கிறது. எல்லாம் சேர்ந்து என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் நடிப்பதாக முதலாளி நினைக்கிறார். சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது.

வாசு திரும்பும்போது பட்டன் இல்லாத சட்டை இரண்டு கொடு. போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும்.

ரிப்போர்ட்டில் எதுவும் வரக்கூடாது என்று மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாயே, அவள் கேட்டுவிட்டாள். இதுவரை ஒன்றுமே வரவில்லை. அடுத்த முறை ஏதாவது வரவேண்டும் என்று வேண்டிக்கொள், புஷ்பம்.

வாசு பையைத் தூக்கிவிட்டான்.

உன்
குரு