சாக்கடைக்குப் போன சூடு

10-11-67, வெள்ளி

மூன்றாம் நாளாக அடைமழை. விறகு ஊறிப்போய் அடுப்பு புகைகிறதே தவிர எரியவில்லை. சாயத் தொட்டித் தண்ணீர் சில்லென்று கிடக்கிறது. கார்த்திகை முகூர்த்தப் பட்டு. புதனுக்குள் நூல் சாயமேறிக் காயாவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்கு. என் வீட்டுக்காரர் அடுப்பை ஊதி ஊதி இருமுகிறார்.

வாங்க: மண்ணெண்ணெய், உப்பு, பாப்பாவுக்கு ரிப்பன்.

ரிப்பன் வாங்கப் போகையில் பக்கத்து ரைஸ் மில் சாக்கடையில் ஆவி! எஞ்சினைக் குளிரவைத்து வெளியே வரும் தண்ணீர். கையை விட்டேன், பொறுக்கவில்லை. அடி அசடே, தினமும் இதைத் தாண்டித்தானே போகிறாய்!

11, சனி

பரணிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. பௌதிகப் புத்தகம். கரையான் விட்ட மிச்சத்தில் இருக்கிறது: எண்ணெய் எரிந்து வரும் சூடு முழுவதும் சக்கரம் சுற்றப் போகாது. ஒரு பங்கு வெளியே போயே தீரும். மூச்சை இழுத்தவன் விடாமல் இருக்க முடியுமா?

மில்கார மாமாவிடம் (வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா) கேட்டேன்.

"சூட்ட நீ புடிச்சிக்கினு போனா எஞ்சின் தெம்பு இன்னா ஆவறதும்மா?"

"தெம்பு இல்ல மாமா, அது கழிச்ச சூடு. வீணாத்தானே போவுது?"

"அத்தினி வீணாவுதா? அப்ப நானே உள்ள வெச்சிக்கிறேன்."

நல்லது சொல்லப் போய் வினை. கோபம் கோபமாக வந்தது.

12, ஞாயிறு

மாமா நிஜமாகவே தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார்! தீய்ந்த நாற்றம், எஞ்சின் நின்றேபோனது. ஓடினேன். மாமா கையில் தண்ணீர்க் குடம்.

"ஊத்தாதீங்க மாமா! கொதிக்கிற இரும்பு, வெடிச்சிடும்!"

அது தானாக ஆறும்வரை இரண்டு பேரும் மில் வாசலில். எனக்குப் போனால் ஒரு ஆர்டர், அவருக்கு மில்லே. மத்தியானம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஹேண்டில் போட்டார். டக் டக் டக். பிழைத்தது! அழுதுவிட்டேன்.

"சூடு வெளிய போனாத்தான் ஓடும்ன்றது சரிதாம்மா. எடுத்துக்கோ."

13, திங்கள்

பழைய ரப்பர் குழாய், சுவரில் ஓட்டை, வெந்நீர் நேரே நம் தொட்டிக்கு! ஈர விறகே போதும், கொதி வந்துவிட்டது. அரக்கு, மாம்பழ மஞ்சள். வீட்டுக்காரர் விசில் அடிக்கிறார். கல்யாணமாகி முதல் தடவை கேட்கிறேன்.

14, செவ்வாய்

மழை விடவில்லை. சாயமேறிய நூல் அத்தனையும் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. நாளை புதன். வெயிலுக்கு எங்கே போவது?

மாமா எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, எஞ்சின் பொகக்குழா போற ரூமு அடுப்பாட்டம் கொதிக்குது. அதுவும் கழிச்ச சூடுதானே? நூல எடுத்துக்கினு வா."

ஓடுகிறேன்.