ஏழு நாள் பிள்ளையின் அத்தியாயம்

அன்பு மகன் ஃபீஃபிக்கு,

கேப் கோஸ்டிலிருந்து உன் அம்மா அராபா. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். வயிற்றெரிச்சல் முதலில் வெளியே வரட்டும்.

சனிக்கிழமை சர்ச் கூடத்தில் என் புத்தகம் வெளியானது. அச்சகத்திலிருந்து வந்த கட்டு ரிப்பனோடு என் கட்டிலடியில்தான் கிடந்தது. போதகர் ஜெபித்து ரிப்பனை அவிழ்க்குமுன் பிரிப்பது வழக்கமில்லையே என்று கையை அடக்கிக்கொண்டேன். புத்தி கெட்டவள்! அறுபத்தேழு வயதில் முதல் புத்தகம் எழுதியவள், அதை ஊரோடு சேர்ந்துதான் பார்த்தேன்.

வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தால், "என் முதல் பிள்ளை ஃபீஃபி பிறந்தபோது" என்றிருக்கிறது. நீ எப்போதடா முதல் பிள்ளையானாய்? உனக்கு முன் ஒருவன் ஏழு நாள் என் மடியில் கிடந்தானே, அவனுடைய அத்தியாயம் எங்கே? டொரண்டோவில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்துகிறேன் என்று நான் எழுதியதை வாங்கி, நீயே அச்சகத்துக்கு அனுப்பினாயே, இதுதான் திருத்தமா?

புத்தகத்தை மூடிவிட்டு அவனைப் பற்றி வாயாலேயே சொல்ல ஆரம்பித்தேன். உன் பெரிய மாமா எஜிர் எழுந்துவிட்டார். "எட்டாம் நாள் பேர் வைக்காத பிள்ளைக்கு ஏது கதை? விருந்தாளியா வந்தான், போயிட்டான். உக்காரு அராபா!" என்றார். "ஏழு நாள் என் பாலைக் குடிச்ச விருந்தாளியாண்ணே?" என்றேன்.

சரி, அவர் பழைய காலத்து மனுஷன். நீ? போனில் கேட்டால் உன் பெண்டாட்டியைச் சாக்குச் சொல்லி, "அஜோவா மாசமா இருக்கா, இந்த நேரத்துல அந்தப் பேச்சு எதுக்கும்மா?" என்கிறாய். அடப்பாவி!

அவனைப் புதைத்த அன்று சந்தோஷத்துக்கு உடுத்தும் வெள்ளையை எனக்கு உடுத்திவிட்டு, வேர்க்கடலைச் சாறு ஊற்றிச் சாப்பாடு போட்டு, "அழாதே, அழுதா அடுத்தது தங்காது, சிரிச்ச முகமா இரு" என்றார்கள். சாப்பிட்டேன். சிரித்தேன். அந்தச் சாற்றை நம் வீட்டில் நான் வைத்ததே இல்லை. ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நீ வெட்டி எறிந்த பக்கங்களில் அதற்குப் பதில் இருந்தது.

உனக்குப் பேர் வைத்த எட்டாம் நாளில் உன் நாக்கில் தண்ணீரும் ஜின்னும் சொட்டு விட்டு, தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், ஜின்னை ஜின் என்று சொல் என்றோம். அதெல்லாம் எங்கே போயிற்று?

மிச்சப் பிரதிகளை என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்த அத்தியாயத்தைச் சேர்த்து மறுபடி அச்சடிக்கும்வரை ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. அதில் அவனுக்கு என் அப்பா பேரை வைத்திருக்கிறேன், யாவ் அன்சா என்று. அதையும் சேர்த்தே அழித்திருக்கிறாய்.

அஜோவா நன்றாகச் சாப்பிடுகிறாளா? கால் வீங்கினால் உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல். கர்த்தர் அவளைச் சுகமாகப் பெற்றெடுக்கச் செய்வார். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மகனே. எட்டாம் நாளுக்குக் காத்திருக்காதே. பிள்ளை பிறந்த அன்றே பேர் சொல்லிக் கூப்பிடு. கூப்பிட்டுவிட்டு எனக்குச் சொல்.

யாவ் அன்சாவுக்கும் உனக்கும் அம்மா,
அராபா