தட்டிப் பார்க்காத கைமரம்

கறையான் மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு, நனைந்த சாக்கு போல. இன்று காலை சமையலறைக் கதவின் கீலை மாற்ற வந்தவர் நிலைச்சட்டத்தை உளியால் இரண்டு தட்டுத் தட்டினார். பெயின்ட் உடைந்து உள்ளேயிருந்து அந்த மண் பொலபொலவென்று கொட்டியது. "மேல பளபளன்னு இருக்குதும்மா, உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டீர்கள்.

உயிரோடு இருந்தபோது உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர் நீங்கள். ஆனாலும் காலனி ஆளுக்கு எங்கள் தெருவில் அவ்வளவுதான் மரியாதை. இப்போது 'நீங்கள்' என்று எழுதுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் சின்ன காஞ்சிபுரத்துக்கு மருமகளாக வந்தபோது, எங்கள் தெருவின் சில்லறை மராமத்தெல்லாம் நீங்கள்தான் பார்த்தீர்கள். தாழ்ப்பாள், கட்டில் கால், கிணற்று ராட்டினம், எது கெட்டாலும் உங்களுக்குத்தான் ஆள் போகும். ஆனால் வீட்டுக்குள் நீங்கள் வரக்கூடாது. கெட்டுப்போனதை நாங்கள் கொல்லைக்குத் தூக்கி வருவோம். ஒருமுறை உள்கட்டுக் கதவையே கழற்றிக் கொண்டுவந்து உங்கள் முன்னால் போட்டோம். "நல்ல வேளைம்மா, வீட்டையே தூக்கிக்கினு வரல" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு வராத வெட்கம் இப்போது வருகிறது.

கூரையைக் கழற்றிக் கொண்டுவர முடியாதே. அதனால் மழைக்கு முன்னால் ஓடு மாற்றும்போது நமக்குள் ஓர் ஏற்பாடு. நீங்கள் கொல்லையில் ஏணி வைத்து மேலே ஏறுவீர்கள். நான் கூடத்தில் அண்ணாந்து நிற்பேன். நீங்கள் மேலேயிருந்து ஓட்டைத் தட்ட, ஒழுகும் இடம் அதுதானா என்று நான் கத்துவேன். "இடது பக்கம்" என்பேன். "ஒங்க இடதா, என் இடதாம்மா? கோயில் பக்கமா, கெணத்துப் பக்கமா, அத்தச் சொல்லுங்க" என்று பதில் வரும். அந்த வீட்டின் உள்பக்கத்தை நீங்கள் பார்த்ததெல்லாம் என் கண்ணால்தான்.

ஒரு வருஷம் ஆவணியில் தறிக்கு நேர் மேலே ஒழுகியது. தறியில் அரக்கு நிறப் பட்டு இழைகளைப் பாவாக ஏற்றியிருந்தது, யாருடையதோ கல்யாணப் புடவைக்கு. வீட்டுக்காரர் ஜரிகை வாங்கப் போயிருந்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் சாயம் இறங்கிவிடும் என்று மாமியார் விடிந்ததிலிருந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஏணியில் கால் வைத்த நீங்கள், ஏறாமல் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"நடுவுல தொங்கின மாதிரி இருக்குதும்மா. ஓட்டத் தாங்குற கைமரத்த உள்ள வந்து ஒரு தடவ பாத்துட்டு ஏறட்டா?"

மாமியார் என்னை முந்திக்கொண்டார். "அதெல்லாம் வழக்கமில்லப்பா. இவ பாத்துச் சொல்லுவா."

"சரிம்மா. ஒரு கொம்பால கைமரத்தத் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்ல மரம். பொத்துன்னு கேட்டா சொல்லிடுங்க, நான் ஏறல."

கொம்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். கைமரம் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் பூச்சு உப்பியிருந்தது. அதற்கு நேர் கீழே பாவு. தட்டினால் மண் பட்டில் விழும், விழுந்தால் மாமியார் வாயில் நான் விழ வேண்டும். ஒரு பழைய வேட்டியைப் பாவின் மேல் விரித்துவிட்டுத் தட்டியிருக்கலாம். அந்தப் புத்தி பிறகுதான் வந்தது. கொம்பைச் சுவரில் சாத்திவிட்டுக் கொல்லைக்கு வந்து, "தட்டிப் பாத்தேன், நல்லா இருக்குது, ஏறு" என்றேன்.

மறுபேச்சு பேசாமல் ஏறினீர்கள். நான் கூடத்துக்குத் திரும்பி அண்ணாந்து நின்றேன். பத்து ஓடுகூடப் பிரித்திருக்க மாட்டீர்கள். "இங்கதானாம்மா?" என்று மேலேயிருந்து கேட்டீர்கள். "ஆமா" என்றேன். மரம் முறிந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஓடும் மண்ணுமாகப் பாவைக் கிழித்துக்கொண்டு தறியின் மேல் விழுந்தீர்கள். எங்கள் வீட்டுக்குள் நீங்கள் வந்தது அந்த ஒரு தடவைதான்.

மாமியார் "பாவு, பாவு" என்று அலறினார். நான் கிட்டே வந்தேன், தொடவில்லை. இடுப்புக்குக் கீழே உங்களுக்கு அசைவே இல்லை. கண் மட்டும் என்னைத் தேடியது.

"தட்டிப் பாத்தீங்க இல்லம்மா?"

"பாத்தேன்."

"அப்ப என் நேரம்."

உங்கள் ஆட்கள் நாலு பேர் வந்து கயிற்றுக் கட்டிலில் தூக்கிப் போனார்கள். அவர்கள் தெரு தாண்டும் முன்பே மாமியார் கூடத்தைக் கழுவிவிடத் தொடங்கிவிட்டார். குடித்துவிட்டு ஏறினான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காலையில் கொட்டாங்குச்சியில் உங்களுக்கு மோர் ஊற்றியவள் நான். நீங்கள் சாராயம் குடித்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அடுத்து கைமரத்தைப் பற்றிக் கேட்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசியில், மழைக்கு நடுவே, எங்கள் கொல்லையில் கிடந்த உங்கள் ஏணியை எடுத்துப் போக உங்கள் மனைவி வந்தார்.

"போயிட்டாரும்மா, எட்டு நாள் ஆச்சு. கடைசி வரைக்கும் ஒங்கள ஒரு வார்த்த கொற சொல்லல. அந்தம்மா தட்டிப் பாத்துதான் ஏறச் சொன்னாங்க, மரந்தான் ஏமாத்திடுச்சின்னு சொல்லிக்கினே இருந்தாரு."

ஏணியின் மறுமுனையைப் பிடித்துத் தெருமுனை வரை கூடவே நடந்தேன். அந்தத் தூரத்துக்குள் சொல்லியிருக்கலாம். "ரொம்பக் கனமா இருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

இன்று வந்தவர் மேல்சட்டத்தைப் பார்க்க ஸ்டூல் கேட்டார். கொடுப்பதற்கு முன் அதைக் கவிழ்த்து நாலு காலையும் தட்டிப் பார்த்தேன். "இன்னாம்மா, ஸ்டூலக்கூடவா?" என்று சிரித்தார். என் பிள்ளைகளும் இத்தனை வருஷமாக இப்படித்தான் சிரிக்கிறார்கள். யாரிடமும் காரணம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லாததை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

மரம் உங்களை ஏமாற்றவில்லை. கொம்பு என் கையில்தான் இருந்தது. நான் தட்டவே இல்லை.