மீட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

மைசூர்
ஞாயிறு

அன்புள்ள கவினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவின் முட்டிவலி இந்த வாரம் பரவாயில்லை, அந்த ஊர்க் குளிர் உன்னை ஒன்றும் பண்ணாமல் மாதேஸ்வரசாமி பார்த்துக்கொள்ளட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே கண்ணு. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பிளாண்டில் ஹைட்ரஜன் நின்றுபோனதற்கு முனிராஜ்தான் காரணம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். மார்க்கெட் காய்கறிக் கழிவு அழுகி வருகிற வாயுவில் கந்தகம் இருக்கும், அதை இரும்புத்தூள் தொட்டியில் விட்டு எடுத்த பிறகுதான் ஹைட்ரஜன் பிரிக்கிற உலைக்கு அனுப்புவோம், கந்தகம் மிச்சமிருந்தால் உலைக்குள் ஹைட்ரஜனைப் பிரித்துக் கொடுக்கிற மருந்துக் குண்டுகள் வேலை செய்யாமல் செத்துவிடும். கைமீட்டரைக் குழாய் முனையில் காட்டிக் கந்தக அளவை எழுதுவது என் வேலை, மீட்டரைப் பழுது பார்ப்பது முனிராஜ் வேலை. ஆயுத பூஜை அன்றைக்கு, வயதில் பெரியவள் என்று என்னைத்தான் பொட்டு வைக்கச் சொன்னார்கள். பம்பு, மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இந்த மீட்டருக்கு நெற்றி எது என்று பார்த்தேன், நடுவில் சின்ன வலை போட்ட ஓட்டை இருந்தது, அதன்மேல் சந்தனத்தை நன்றாக அப்பிக் குங்குமமும் வைத்தேன். மூச்சு விடுகிற இடத்தை அடைக்கிறோமே என்று தோன்றவில்லை, என் புத்தி எங்கே போச்சோ. பத்து நாள் சீரோ காட்டியது, காலிஃபிளவர் லோடு வந்து நாற்றம் மூக்கைத் துளைத்த நாளிலும் சீரோ, நானும் சந்தோஷமாக எழுதினேன். பதினோராம் நாள் உலை படுத்துவிட்டது. இன்ஜினியர் வருகிறார் என்றதும் மீட்டரைக் கையில் எடுத்தேன், காய்ந்த சந்தனம் தெரிந்தது, கோட்டு நுனியால் துடைத்துவிட்டேன். எல்லோரையும் அதட்டுகிற இந்த வாய் அன்றைக்கு மட்டும் திறக்கவில்லை. மீட்டரைச் சரியாகப் பார்க்கவில்லை என்று முனிராஜை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு விட்டேனா, உன்னிடம் போனில் சொல்லி அவன்மேல் குற்றம் என்று இங்கிலீஷில் எழுதி வாங்கி மேனேஜரிடம் கொடுத்தேன். பெற்ற பிள்ளை கையால் பொய் எழுத வைத்த பாவி நான்.

நேற்று மனசு கேட்காமல் அவன் வீட்டுக்குப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவனே, நீங்க தொடச்சத அன்னிக்கே பாத்தனுங்க்கா, நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தனுங்க என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் கவின். அவன் பெண்டாட்டி மாதேவி காப்பி கொண்டுவந்து வைத்தாள், குடிக்காமலே எழுந்துவிட்டேன். அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய் நடந்ததை என் கையாலேயே கன்னடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். முனிராஜை நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள், என்னை இனிமேல் வரவேண்டாம் என்றார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு, ஒரு குறையும் உனக்கு வரக்கூடாது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, சொந்தக்காரர்கள் யாராவது போனில் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் வேலையை விட்டுவிட்டாள் என்று எனக்காகச் சொல்லாதே. நடந்ததைச் சொல்.

உன் அம்மா,
ஜோதிமணி